மேற்கே ஒரு பொதிகை: தொட்டிக்குள் தேவதைத் தோட்டம் அமைப்பது எப்படி

தேவதைகள் குடியிருப்பது போலத் தொட்டிக்குள் செடியும் குட்டி வீடுமாக அமைப்பதுதான் தேவதைத் தோட்டம். அதை வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பொம்மைகளைத்தான். இறக்கை வைத்த சிறுமி, காளான் வடிவ வீடு, வளைந்த பாலம். செடிகள் கடைசியில், மிச்சமிருக்கும் இடுக்கில் நுழையும். திருநெல்வேலிச் சீமை வெயிலில் அப்படிப்பட்ட தோட்டம் வைகாசியைத் தாண்டாது. செடி கருகும், பொம்மையின் சாயம் வெளுக்கும், மிஞ்சுவது ஒரு தொட்டி மண். ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: இடம், தொட்டி, மண், கல், மரம், தரை, அதன் பிறகு வீடு. ஆனால் அந்த வீட்டில் யார் குடியிருக்கப் போகிறார் என்பதை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

குடியிருப்பவரின் உயரம்

மாயம் பிறப்பது அளவில். கதவை விடப் பெரிய குடம், மரத்தை விட உயரமான தேவதை, பாறாங்கல் பருமனில் பாதைக் கல் என்று கிடந்தால் பார்க்கிறவருக்கு அது பொம்மைக் கூடை. எல்லாம் ஒரே கணக்கில் இருந்தால் கண் தானாகவே உள்ளே இறங்கி நடக்கத் தொடங்கும்.

புதியவர்களுக்கு எளிதான கணக்கு, நிஜத்தில் ஓர் அடி என்றால் தோட்டத்தில் அரை அங்குலம். இந்தக் கணக்கில் ஆறடி ஆள் மூன்று அங்குலம். வீட்டுக் கதவு மூன்றரை அங்குல உயரம், ஒன்றரை அங்குல அகலம். திண்ணை முக்கால் அங்குலம். நடைபாதை ஒன்றரை அங்குலம். கிணற்றின் வாய் மூன்று அங்குலம், கைப்பிடிச் சுவர் ஒன்றரை அங்குலம். இருபதடி மரம் பத்து அங்குலம். படி ஒவ்வொன்றும் ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். எவ்வளவு அழகான சாமானாக இருந்தாலும் அட்டைக்குப் பொருந்தாவிட்டால் வாங்க வேண்டாம்.

குடியிருப்பவர் யார் என்பது உங்கள் விருப்பம். பொதிகை மலை வனதேவதை, ஆற்றோரத்து நீர்மகள், பனங்காட்டில் இரவில் மட்டும் நடமாடும் சின்ன மனிதர்கள் என்று எத்தனையோ. ஏழு கன்னிமாரையோ ஊர் அம்மனையோ அப்படியே பொம்மையாக வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பக்கத்து வீட்டார் கும்பிடும் தெய்வமாக அது இருக்கும். கற்பனைக் குடிகளுக்கு நீங்களே பெயர் வையுங்கள், குணம் கொடுங்கள்: பகலில் தூங்குபவரா, தண்ணீருக்குப் பயந்தவரா, பனங்கற்கண்டு பிரியரா? வீட்டை எங்கே வைப்பது, கிணறு வேண்டுமா, ஏணி எதற்கு என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அதிலிருந்து வரும்.

இடமும் திசையும்

காலை வெயில் நாலு மணி நேரம் கிடைத்து, மதியம் ஒரு மணிக்கு மேல் கட்டடத்தின் நிழல் விழும் இடம்தான் சரி. கிழக்குப் பார்த்த வாசல், கிழக்குப் பக்கத்துத் தார்சா (தாழ்வாரம்) ஓரம் இரண்டும் நன்று. மொட்டை மாடிதான் உண்டு என்றால் ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே, தொட்டியைத் தரையில் படாமல் மூன்று செங்கல் மேல் வையுங்கள். சித்திரையில் மாடித் தளத்தின் சூடு தொட்டிக்குள் ஏறி வேரை வேகவைத்துவிடும்.

இடத்தை முதலிலேயே முடிவு செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம் எடை. ஈர மண்ணும் கல்லும் சேர்ந்த பிறகு பதினெட்டு அங்குலத் தொட்டி முப்பது கிலோவைத் தாண்டும். நிரப்பிவிட்டு நகர்த்தினால் விளிம்பு உடையும், இல்லையென்றால் இடுப்பு பிடிக்கும்.

திசைக்கு நம் நாட்டமைப்பையே மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். மேற்கே மலை, அங்கிருந்து கிழக்கே இறங்கும் ஆறு, ஆற்றங்கரையில் பசுமை, அப்பால் செம்மணல் தேரி. தொட்டியிலும் மேற்கு விளிம்பை உயர்த்திப் பாறை வையுங்கள், கிழக்கே சரிவாக இறக்குங்கள். அழகோடு பயனும் உண்டு. கட்டட நிழல் விழாத மாடியில், மூன்று மணி தாண்டியதும் மேற்கே நிற்கும் எட்டங்குலக் கல் ஏறக்குறைய எட்டங்குல நிழல் தரும். ஊற்றும் தண்ணீரும் சரிவில் இறங்கிக் கிழக்கே தங்குவதால் ஒரே தொட்டிக்குள் காய்ந்த மேடு, நடுத்தர ஈரம், நல்ல ஈரம் என்று மூன்று நிலம் கிடைக்கும். எந்தச் செடியை எங்கே வைப்பது என்ற குழப்பம் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

தொட்டியும் மண்ணும்

வாய் அகன்ற மண் தொட்டிதான் நல்லது. பதினெட்டு அங்குல வாய், ஏழங்குல ஆழம். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் அளவு சொன்னால் செய்து தருவார்கள். அரை அங்குலத்தில் ஐந்து துளை கேளுங்கள். சுட்ட பிறகு துளை போடுவது சிரமம், பச்சை மண்ணாக இருக்கும்போதே போடச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் சூடேறும், இரண்டு கோடையில் நொறுங்கும். சிமெண்ட் தொட்டி என்றால் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, நாள்தோறும் மாற்றி, சுண்ணாம்புக் காரம் இறங்கிய பிறகே மண் போட வேண்டும்.

துளைகளை உடைந்த ஓட்டுச் சில்லால், வளைந்த முதுகு மேலே பார்க்க மூடுங்கள். அவ்வளவு போதும். அடியில் இரண்டங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்று பலர் சொல்வார்கள். நடப்பது வேறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது, மண்ணின் அடிப்பகுதி முழுக்க ஊறி நிரம்பிய பிறகே இறங்கும். ஏழங்குலத் தொட்டியில் ஜல்லிக்கு இரண்டங்குலம் கொடுத்தால் அந்த ஊறிய பகுதி இரண்டங்குலம் மேலே வந்து வேருக்குப் பக்கத்தில் நிற்கும். வேர் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்த அளவுத் தொட்டிக்கு இருபது லிட்டர் கலவை வேண்டும். சலித்த செம்மண் எட்டு லிட்டர், தென்னை நார்த்தூள் நாலு, மண்புழு உரம் நாலு, கழுவிய பெருமணல் அல்லது பட்டாணி அளவில் உடைத்த செங்கல் நாலு, வேப்பம் புண்ணாக்கு இரண்டு கைப்பிடி. கரிசல் பூமிக்காரர்கள் சொந்த நிலத்து மண்ணைப் போட வேண்டாம். நனைந்தால் களியாகும், காய்ந்தால் வெடித்துத் தரையையும் வீட்டையும் பிளக்கும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணில் தண்ணீர் நிற்காது. அதுதான் கிடைக்கும் என்றால் அதை நாலு லிட்டருக்குக் குறைத்து, நார்த்தூளையும் உரத்தையும் இரண்டிரண்டு லிட்டர் கூட்டுங்கள்.

நார்த்தூளை அப்படியே போடக் கூடாது. அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, மூன்று முறை அலசுங்கள். முதல் தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் வரும், மூன்றாவது முறை வெளுத்துவிடும். அறுநூற்றைம்பது கிராம் கட்டி ஒன்று ஊறினால் எட்டு லிட்டர் அளவுக்கு வரும் என்பதால் பாதிக் கட்டி போதும்.

கல், மரம், தரை

முதலில் கல். அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். மேலே சும்மா உட்கார்த்திய கல் செயற்கையாகத் தெரியும், ஆடிக் காற்றில் சாயவும் செய்யும். கருங்கல் மதியச் சூட்டை வாங்கிச் சாயங்காலம் வரை விடாது. ஒட்டி நிற்கும் மெல்லிய செடி வாடிப்போகும். பழைய நாட்டுச் செங்கலை ஆக்சா பிளேடால் கோணல்மாணலாகச் செதுக்கி அடுக்கினால் இலேசாகவும் இருக்கும், ஈரமும் குடிக்கும். மூன்றே கற்கள் போதும்: ஒன்று உயரம், ஒன்று பாதி, ஒன்று படுத்த வாக்கில்.

மரத்துக்கு எங்கள் முதல் தேர்வு மருதாணி. சின்ன இலை, கத்தரிக்கக் கத்தரிக்கக் கிளைக்கும் குணம், எந்த வெயிலுக்கும் அசையாத உடம்பு. பென்சில் கனத்தில் ஆறங்குலக் குச்சி நறுக்கி, பாதியை ஈர மணலில் செருகி நிழலில் வைத்தால் வேர் பிடிக்கும். மூன்று நான்கு குச்சி போட்டு, வந்ததில் வளைந்ததைத் தேர்ந்தெடுங்கள். பொறுமை உள்ளவர்கள் புளியங்கன்று வளர்க்கலாம். சிற்றிலை சிற்றிலையாகப் பிரிந்த அந்த ஓலை இந்த அளவுக்கு மிகப் பொருத்தம், ஆனால் மரத்தின் சாயல் வர ஒரு வருடத்துக்கு மேலாகும். உடனே மரம் வேண்டும் என்றால் நர்சரியில் ஜேட் என்று விற்கும் சதைப்பற்றுள்ள சிற்றிலைச் செடியை வாங்கி, அடிப்பக்கத்து இலைகளை மூன்றங்குலத்துக்குக் கிள்ளிவிட்டால் தண்டு வெளியே தெரிந்து மரமாகிவிடும். அது மேற்கு மேட்டுக்கு, காய்ச்சலாக இருக்கும் இடத்துக்கு உரியது. சுவரிடுக்கில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் கொண்டுவராதீர்கள். இலை கதவை விடப் பெரிதாகும், வேர் தொட்டியைப் பிளக்கும்.

தரைக்குப் புல் தேடி அலைய வேண்டாம். வாய்க்கால் கரையில் பொடுகு எண்ணெய்க்குப் பறிப்போமே, அந்தப் பொடுதலை போதும். கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும், வெயில் தாங்கும். மிளகை விடக் கொஞ்சம் பெரிய பூங்கொத்தில் வெள்ளையும் ஊதாவுமாகப் பொடிப்பூ வளையம் கட்டும். குனிந்து பார்த்தால் தேவதை தலையில் வைக்கும் கதம்பம்தான் அது. மூன்று கணு உள்ள துண்டுகளாக நறுக்கி, இரண்டங்குல இடைவெளியில் படுக்கவைத்து நடுக்கணுவை மண்ணால் மூடுங்கள். கிழக்குத் தாழ்வில் நீர்ப்பிரம்மி, அதிக நிழல் இருந்தால் இரண்டே கொத்து வல்லாரை. வல்லாரை இலை இந்த ஊருக்குக் குடை மாதிரி நிற்கும். மேட்டில் பட்டு ரோஜா. அருகம்புல் மட்டும் வேண்டாம். ஒரு துண்டு கிழங்கு போனாலும் ஒரே பருவத்தில் வீட்டுக்கடியில் புகுந்துவிடும்.

நவராத்திரிக் கொலுவில் பார்க் வைக்கத்தான் இந்தத் தோட்டம் என்றால் கேழ்வரகு விதையுங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்த கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மெல்லிசாக மண் தூற்றி, முளைப்பாரிக்குச் செய்வது போல ஈரத் துணி போட்டு மூடுங்கள். மூன்றாம் நாள் முளை காட்டும், ஒரு வாரத்தில் பச்சைக் கம்பளமாகும். இரண்டு வாரம் தாண்டினால் சாயத் தொடங்கும் என்பதால் கொலு வைப்பதற்கு ஏழு நாள் முன்பு விதைப்பதே கணக்கு.

பாசி வேண்டுமென்று குற்றாலத்துக்கும் மாஞ்சோலைக்கும் போகிறவர்கள் உண்டு. மாஞ்சோலை இருக்கும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். அந்தச் சாரலுக்குப் பழகிய பாசி பாளையங்கோட்டை வெயிலில் ஒரு வாரம் தாங்காது என்பது இன்னொரு உண்மை. ஐப்பசி மழைக்குப் பிறகு உங்கள் வீட்டுக் கிணற்று உறையிலும் புறவாசல் சுவரின் வடக்கு முகத்திலும் பாசி படியும். இந்த ஊர்க் காற்றில் பிறந்த அதைத் தகடாக வழித்து எடுத்துச் செங்கல் பாறையின் நிழல் பக்கத்தில் அழுத்துங்கள். கோடையில் காய்ந்து கருத்தாலும் அடுத்த மழைக்குப் பெரும்பாலும் பச்சை திரும்பும்.

வீடு

அரை நாட்டுச் செங்கல்தான் வீடு. நாலரை அங்குல உயரம், நாலரை அங்குல முகம், மூன்றங்குல ஆழம் என்று நம் கணக்குக்கு அளந்து வைத்தது போல வரும். கனமாக இருப்பதால் காற்றுக்கும் அசையாது. இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்குங்கள், இல்லாவிட்டால் முதல் மாதத்திலேயே சுவரில் வெள்ளை பூக்கும். ஒரு பக்கத்தில் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, தச்சுப்பட்டறையில் கிடைக்கும் தேக்குச் சீவலில் கதவு நறுக்கி ஒட்டுங்கள். வெள்ளைப் பசை மழையில் விட்டுவிடும், எம்-சீல் போல இரண்டு கட்டியைச் சேர்த்துப் பிசைந்து ஒட்டும் வகைதான் நிற்கும். கதவின் இருபுறமும் முக்கால் அங்குல உயரத்தில் செங்கல் துண்டு வைத்தால் திண்ணை. வீட்டை மண்ணில் நேராக வைக்காமல் தட்டைக் கல்லின் மேல் வையுங்கள். செங்கல் அடியீரத்தை உறிஞ்சி ஏற்றும், கதவின் கீழ்ப்பக்கம் உளுத்துவிடும்.

கூரைக்குத் தென்னை ஈர்க்கில் சட்டம் கட்டி, பனையோலை வேயுங்கள். ஓலையை ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டால் ஒடியாமல் மடங்கும். கால் அங்குலக் கீற்றாகக் கிழித்து, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகக் கட்ட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் மழைத் தண்ணீர் வரிசைக்குள் நுழையும். இறவாரம் சுவரைத் தாண்டி அரை அங்குலம் நீளட்டும். கார்த்திகைக்குள் ஓலை கருத்துப் பூஞ்சணம் பிடிப்பது இயல்பு, தையில் மாற்றி வேயலாம்.

ஒரு வீட்டுக்கு மேல் வைப்பதானால் வளவு அமைப்பு எடுப்பாக இருக்கும்: எதிரெதிரே மூன்று வாசல், நடுவே பொது முற்றம், ஓரத்தில் கிணறு. பாதையை முன்னால் ஒன்றரை அங்குலத்தில் தொடங்கி, போகப் போகக் குறுக்கி, பாறைக்குப் பின்னால் அரை அங்குலமாக மறையவிடுங்கள். பதினெட்டு அங்குலத் தொட்டி காத தூரம் போலத் தெரியும். பாதைக்குச் சலித்த மூன்று நான்கு மில்லிமீட்டர் கல் போதும். அடியில் மெல்லிய வலைத்துணி போட்டால் மழையில் கல் மண்ணுக்குள் புதையாது.

தேவதை பொம்மை ஒன்று போதும், இல்லாமலும் இருக்கலாம். குடியிருப்பின் அடையாளங்கள்தான் உயிர் கொடுக்கும். திண்ணையோரம் அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்பில் மிகச் சிறியதாகப் பார்த்து ஒரு குடம். இரண்டு ஈர்க்கு நட்டு நூல் கட்டி, விரல்நக அளவுத் துணி காயும் கொடி. பத்தமடைப் பாயின் வெட்டுத் துண்டு இரண்டங்குலத்துக்குக் கிடைத்தால் முற்றத்தில் விரித்து வெள்ளை மெழுகில் வடகம் காயவைக்கலாம், மழைக் காலத்தில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். வாசலில் தட்டைக் கல் பதித்து, பல்குத்தும் குச்சி முனையில் வெள்ளை எனாமல் தொட்டு மூன்று புள்ளிக் கோலம் போடுங்கள். ஒரு அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். இரண்டங்குலம் போனால் வீடு சுருங்கித் தெரியும்.

ஆற்றுக்கு உண்மைத் தண்ணீர் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம் பத்து நாளில் டெங்குக் கொசு பிறந்துவிடும். பச்சை, நீலக் கண்ணாடி வளையல்களைத் துணிக்குள் வைத்து உடைத்து, முனைகளை அம்மிக் கல்லில் தேய்த்து மழுக்கி, ஓடும் திசையில் நெருக்கிப் பதித்தால் காலை வெயிலில் தாமிரபரணியாக மின்னும். குளம் வைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் பாதிச் சிரட்டையைப் புதைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை கொட்டித் தேய்த்து நிரப்புங்கள். குழந்தைகள் கை படும் தோட்டத்தில் குன்றிமணி கூடவே கூடாது, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பொத்தான் பேட்டரி போட்ட விளக்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

தண்ணீர்

கோடையில் இந்தத் தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் லிட்டர் ஆகும். காலையில் முக்கால், சாயங்காலம் அரை. ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் ஒன்றும் ஊற்ற வேண்டியிருக்காது. விரலை ஒரு அங்குலம் நுழைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். குழாயால் அடித்தால் பாதை கரைந்துவிடும். லிட்டர் பாட்டிலின் மூடியில் சூடான ஊசியால் பத்துத் துளை போட்டுக் கொண்டால் தூறலாக விழும்.

ராதாபுரம், நாங்குநேரிப் பக்கத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். அதை ஊற்றினால் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டும், இலை நுனி கருகும். ஆற்றுக் குடிநீர், பிடித்து வைத்த மழைநீர் இரண்டில் ஒன்று கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். வேறு வழியில்லை என்றால் மாதம் ஒரு முறையாவது பத்து லிட்டர் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வெளியேற விட்டு உப்பைக் கழுவ வேண்டும். வடிகட்டும் இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அது கூடாது.

கெட்டுப்போகும் விதங்கள்

ஜேட் தண்டு அடியில் மெத்தென்று ஆனால் தண்ணீர் மிகுதி. நல்ல பகுதியை வெட்டி, மூன்று நாள் நிழலில் வெட்டுவாயை உலர்த்தி, மேட்டில் மீண்டும் நடுங்கள். பட்டு ரோஜா நெடுநெடுவென்று நீண்டு பூக்காமல் இருந்தால் வெயில் போதவில்லை. எறும்பு வரிசை ஏறினால் செடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று தேடுங்கள், எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக வரும். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயில் நாலு சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். பகலில் அடித்தால் இலை வெந்துவிடும். மழைக்காலத்தில் உரத்திலிருந்து தானாகக் குட்டிக் காளான் எழும்பும். செடிக்கு அதனால் கெடுதல் இல்லை, இரண்டு நாள் இருந்து மறையும், பார்க்கவும் தோட்டத்துக்கு ஏற்றபடியே இருக்கும். ஆனால் யாரும் தின்னக் கூடாது, சின்னக் குழந்தை உள்ள வீட்டில் கிள்ளிப் போட்டுவிடுங்கள்.

ஆடிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து அடிக்கும் ஊர்களில் கொடி, ஏணி, பொம்மை எல்லாவற்றின் அடியிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி மூன்றங்குலத் துண்டு ஒட்டி மண்ணில் செருக வேண்டும். கிராமத்தில் மயிலும் கோழியும் கேழ்வரகு முளையை ஒரே காலையில் காலி செய்யும். விதைத்தது முதல் ஒரு வாரம் கொசுவலைத் துண்டு கவிழ்த்து வையுங்கள். பூனை கிளறும் இடத்தில் உடைமுள் சுள்ளி இரண்டைக் குறுக்கே போட்டால் மறுபடி வராது; குழந்தைகள் கை வைக்கும் முன் எடுக்க மறக்க வேண்டாம்.

உரம் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், அதற்கு மேல் போனால் இலை பெருத்து அளவு கெடும். வாரம் ஒரு முறை சின்னக் கத்தரிக்கோலால் பொடுதலையைப் பாதையிலிருந்து ஒதுக்குங்கள், மருதாணியின் கொழுந்தைக் கிள்ளுங்கள். புதிதாகத் தொடங்க ஆவணி நல்ல மாதம், மழைக்கு முன் வேர் பிடித்துவிடும். வருடம் ஒரு முறை அதே ஆவணியில் வீட்டையும் கற்களையும் எடுத்துக் கழுவி, மரத்தைத் தூக்கி வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, மண்ணில் பாதியை மாற்றி மீண்டும் நடுங்கள். வேர் வெட்டிய மரத்துக்கு இரண்டு வாரம் நேர் வெயில் ஆகாது.